வலப்பக்கம் ஆகாத குதிரை

குப்பனூர்ப் புளியமரங்களின் கீழே குதிரைகள் கட்டியிருந்தன. அந்தியூர் ஆடிச் சந்தை கலைந்ததும், விற்றது போக மிச்சம் நின்ற குதிரைகளை ஓட்டிக்கொண்டு குதிரை வியாபாரி ராவுத்தர் மலையடிவாரத்துக்கு வந்துவிடுவார். வருஷா வருஷம் வருவார். சேர்வராயன் மலைமேல் காப்பி எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரைமார்களுக்குக் குதிரை வேண்டும். மோட்டார் என்ற பேச்சே மலையில் கிடையாத காலம். ஏறினாலும் இறங்கினாலும் சொந்தக் கால், இல்லாவிட்டால் குதிரை, அதுவும் இல்லாவிட்டால் ஆள் தூக்கும் டோலி.

துரைகளும் அவர்களுக்குக் கணக்கெழுதுகிற ரைட்டர்களும் வருகிற அந்த இடத்தில் மலைமேல் தலைச்சோலை ஊர்ச் சின்னன் வந்து நின்றதுதான் அன்றைக்கு வேடிக்கை. முழங்காலுக்கு மேலே ஏறிய வேட்டி, தோளில் கம்பளி, இடுப்பில் கொடுவாள். தினையும் ஆரஞ்சும் கொஞ்சம் காப்பியும் போட்டுப் பிழைக்கிற மலைக்காரன். மாடு வாங்கத் தெரியும், ஆடு வாங்கத் தெரியும். குதிரையை அதுவரை தொட்டதுகூட இல்லை.

அவன் எதற்கு வந்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா. இல்லாவிட்டால் அவன் செய்ததெல்லாம் கிறுக்குத்தனமாகத் தெரியும்.

சின்னனுக்கு ஒரே தங்கை, ராசாத்தி. ஓடைக்கு அப்பால் நார்த்தங்காட்டில் அம்மாசிக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. பூவாயி என்று ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் பல் விழுந்து முளைக்கிற வயது. ஒரு மழைக்காலத்தில் ராசாத்தி காப்பிச் செடிகளுக்கு நடுவே சறுக்கி விழுந்தாள். இடது முழங்கால் நொறுங்கியது. வைத்தியர் கட்டுப் போட்டார், எலும்பும் கூடியது. ஆனால் கால் குச்சியைப் போல நீட்டிக்கொண்டே நின்றுவிட்டது. மடங்காது, பாரம் தாங்காது. வலது கையில் ஒரு தடியை ஊன்றிக்கொண்டுதான் நடை.

நார்த்தங்காடு சரிவிலே இருக்கிற ஊர். தண்ணீருக்குப் போனால் இறக்கம், காட்டுக்குப் போனால் ஏற்றம். மாமியார் வெள்ளையம்மாள் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் மருமகளை டோலியில் வைத்து அண்ணன் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். குழந்தையை அனுப்பவில்லை.

"காலு நல்லானா வரட்டும்" என்றாள்.

"நல்லாகலீன்னா, அத்தை?" என்று சின்னன் கேட்டான்.

"ஒரு குதிரை வாங்கிக் குடு. அதும்மேல குந்தீட்டுக் காட்டுக்கு வரட்டும், தண்ணிக்குப் போவட்டும், ஒண்டிக்கடைச் சந்தைக்கு மூட்டை கொண்டு போவட்டும். யாரு வேண்டாங்கறா? காப்பிப் பழம் எடுப்புக்குள்ள குதிரையோட வந்தான்னா கூட்டிக்கறோம்."

நடக்காது என்று நினைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள். அதைச் சின்னன் வாக்கு என்று எடுத்துக்கொண்டான். தன் ஆரஞ்சு மரங்களைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கீழே இறங்கினான்.

ராவுத்தருக்கு ஒரு பழக்கம். குதிரையைக் காட்டுவதற்கு முன்னால் வாங்க வந்தவனைச் சுற்றிப் பார்ப்பார். சின்னனையும் அப்படித்தான் பார்த்தார்.

"வாங்க தம்பி. வேடிக்கை பாக்கவா, வாங்கவா?"

"வாங்கத்தானுங்க."

சின்னன் நேரே போய்க் கையில் கிடைத்த குதிரையின் உதட்டைத் தூக்கினான். மாட்டுக்குப் பார்க்கிற மாதிரி.

"பாத்து, பாத்து! மாட்டுக்கு முன்னால கீழ்ப்பல்லு மட்டுந்தான். இதுக்கு மேலயும் இருக்குது. விரலை எண்ணிக்கிட்டு உள்ள உடுங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சின்னனும் சிரித்துக்கொண்டே கையை எடுத்தான்.

ராவுத்தர் முதலில் ஒரு செவலைக் குதிரையை அவிழ்த்து நடத்திக் காட்டினார். செம்மண்ணில் எண்ணெய் தடவினது போல நிறம். நெற்றியில் வெள்ளைக் கீற்று.

"கத்தியவார் சாதி. காதைப் பாருங்க, நுனி ரெண்டும் ஒண்ணையொண்ணு முத்தங் குடுக்குது. அதுதான் அடையாளம். தோலு மெல்லிசு, காலு நீளம், ரோசம் நொம்ப."

அடுத்து ஒரு சாம்பல் நிறப் பெட்டை. குட்டைக் கழுத்து, குட்டைக் கால், பானை வயிறு.

"இது பர்மா மட்டக் குதிரை. கப்பல்ல வந்த தாய்க்குப் பொறந்தது. அழகு கேக்காதீங்க. குளம்பைப் பாருங்க, கிண்ணத்தைக் கவுத்தாப்ல. கல்லுப் பாதையில நழுவாது. சாதியைக் காதுல பாத்தரலாம் தம்பி. கொணத்தை இப்படித்தான் பாக்கோணும்" என்று சொல்லி, அது தின்றுகொண்டிருந்த புல்லை வாயிலிருந்தே பிடுங்கினார். பெட்டை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நின்றது. அதன் வயிற்றுக்கடியில் குனிந்து இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தார். பின்னால் ஒரு தகரத்தைத் தட்டச் சொன்னார். கழுத்தைத் திருப்பி, என்ன சத்தம் என்று கேட்பது போலப் பார்த்தது, அவ்வளவுதான்.

"செரி, ஏறப்போறது யாரு?"

சின்னன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான்.

என் தங்கை, கால் மடங்காதவள் என்று சொல்ல வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். அவனைத் திட்டாதீர்கள். சுற்றிலும் அடிவாரத்து ஆட்கள், எஸ்டேட் ரைட்டர்கள், வண்டிக்காரர்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவே தங்கையின் காலைப் பற்றிப் பேச அவனுக்கு நாக்கு எழவில்லை. நொண்டிக்குக் குதிரையா என்று ஒருவன் சிரித்துவிட்டால், அந்தச் சிரிப்பு மலையேறி ராசாத்தியின் காதுக்கு வந்துவிடுமே என்று பயந்தான்.

"நாந்தானுங்க ஏறுவேன்" என்றான்.

ராவுத்தர் அவன் தொடையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். "இந்த ஒடம்புக்குச் செவலையே கட்டுப்படும். ஆனாலும் மலைக்குப் பெட்டையத்தான் சொல்லுவேன். கேட்டா கேளுங்க."

வியாபாரி ஒருவன் அழகில்லாத உருப்படியைத் தூக்கிப் பேசினால், அது விலை போகாத உருப்படி என்று மலைக்காரர்களுக்கு நினைப்பு. சின்னனும் அப்படித்தான் நினைத்தான். ஆனால் அதை வைத்து அவன் முடிவு செய்யவில்லை.

"எங்க சாமியக் கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்றான்.

ஆடோ மாடோ, புதிதாக ஓர் உயிரை வீட்டில் கட்டுவதற்கு முன்னால் அவன் வீட்டில் ஒன்று செய்வார்கள். மலை உச்சியைப் பார்த்துக் கும்பிட்டு, அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் விடுவார்கள். உடம்பை உதறினால் சேர்வராயன் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். உதறாவிட்டால் அதைத் தொடமாட்டார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அவன் அப்பன் காலத்திலிருந்து நடக்கிற வழக்கம். குதிரைக்கு யாரும் செய்து பார்த்ததில்லை, ஏனென்றால் யாரும் குதிரை வாங்கினதில்லை.

மடியில் முடிந்துவைத்திருந்த மஞ்சளைக் கொட்டாங்குச்சித் தண்ணீரில் கரைத்தான். பெட்டையின் முதுகில் விட்டான். அது அசையவில்லை. இன்னும் விட்டான். தண்ணீர் வயிற்றில் வழிந்து சொட்டியது. எத்தனையோ மழையில் நின்ற உடம்பு, அதற்கு இது ஒரு பொருட்டா? கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது.

செவலையிடம் வந்தான். முதல் சொட்டு விழுந்ததும் கழுத்திலிருந்து வால்வரை ஒரு நடுக்கம் ஓடியது. உதறிய உதறலில் மஞ்சள் தண்ணீர் தெறித்து ராவுத்தரின் வெள்ளைச் சட்டையெல்லாம் புள்ளி.

"ஒதறிருச்சு! உத்தரவு குடுத்துட்டாரு!" என்று சின்னன் தலைக்குமேல் கைகூப்பினான்.

"தம்பி, இது ஈ உக்காந்தாலும் இப்படித்தான் ஒதறும்."

"சாமி காரியத்துல வெளையாடாதீங்க."

"வெளையாடலீங்க. உங்க சாமிகிட்ட எனக்கு வழக்கில்ல. குதிரையைப் பத்தித்தான் சொன்னேன்." ராவுத்தர் சட்டையைத் துடைத்துக்கொண்டார். "செரி, ஏறிப் பாருங்க. எடப்பக்கமா வாங்க. குதிரைக்கு எப்பவும் எடப்பக்கந்தான். சேணத்துல தொங்கற அங்கவடியில எடது காலை வெச்சு ஏறுங்க."

சின்னன் இடது காலை அங்கவடியில் வைத்து ஏறினான். எப்பவும் இடப்பக்கம்தான் என்ற அந்தச் சொல் காதில் விழுந்தது, நெஞ்சுக்கு இறங்கவில்லை. அங்கேயிருந்து பார்க்கக் குப்பனூரே சிறுத்துக் கிடந்தது. இந்த உயரத்தில் என் ராசாத்தி உட்கார்ந்து நார்த்தங்காட்டுக்குள் போவாள் என்று அவன் நினைத்தான். அந்த நினைப்பிலேயே பேரம் முடிந்தது.

ராசாத்தி வாசலில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். மடியில் இளம்புல். குதிரை இடப்பக்கமாக வந்து அவள் கையிலிருந்து தின்றது. அவள் அதன் நெற்றிக் கீற்றை விரலால் தடவினாள்.

"ஏனண்ணா, இவ்வளவு அழகானதையா வாங்குனே? இதுக்கு நான்தான் திருஷ்டிப் பொட்டு!"

"வாயை மூடு. காலையில ஏறிப் பாரு."

காலையில்தான் தெரிந்தது. இடது கால் அங்கவடிக்கு எழும்பாது. அந்தப் பக்கம் வலது காலை வைத்து ஏறினால் வாலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அவளுக்கு ஏற ஒரே வழி வலப்பக்கம்தான். சேணத்தைப் பிடித்துக்கொண்டு வலது காலை வைத்து எம்பினால், மடங்காத காலை அப்படியே அந்தப் பக்கம் போட்டுவிடலாம். தடியை ஊன்றிக்கொண்டு அவள் குதிரையைச் சுற்றி வலப்பக்கம் வந்தாள். காதுகள் பின்னால் படிந்தன. கண்ணின் வெள்ளை தெரிந்தது. குதிரை சுழன்ற வேகத்தில் ராசாத்தி சேற்றில் விழுந்தாள்.

சின்னன் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். அவனுக்கும் காதை மடக்கியது, ஆனால் இத்தனை வெறி இல்லை. மெதுவாகத் தடவிப் பார்த்தான். வலது விலாவில் மயிருக்கு அடியில் கோடு கோடாகத் தழும்பு.

"இந்தப் பக்கம் எவனோ நொம்ப நாள் அடிச்சிருக்கறான்."

ராசாத்தி சேற்றிலிருந்து எழாமலே சிரித்தாள். "இதுக்கும் என்னையாட்டமே ஒரு பக்கம் ஆகாதண்ணா."

சின்னனுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் எடப்பக்கமாத் தூக்கி உக்கார வெச்சர்றேன்" என்றான்.

"இங்க வெச்சருவே. நார்த்தங்காட்டுல தெனம் யாரண்ணா தூக்குவாங்க?"

அன்றைக்கே செவலையைப் பிடித்துக்கொண்டு ராவுத்தரைத் தேடிப் போனான். அவர் மலையேறி ஒண்டிக்கடையில் தங்கியிருந்தார். தேநீர்க் கடைகள் எல்லாம் அப்போது ஏது, ஒரு சத்திரத்து வாசலில் குதிரைக்குக் கொள்ளு ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சாம்பல் பெட்டை இருக்குதுங்களா?"

"நேத்துத்தான் ஒரு எஸ்டேட் துரைசானி வாங்கிட்டுப் போனாங்க, கொழந்தை ஏறிப் பழக. ஏன் தம்பி, செவலை என்ன பண்ணுச்சு?"

சின்னன் இப்போது எல்லாவற்றையும் சொன்னான். தங்கையை, காலை, நார்த்தங்காட்டில் இருக்கிற குழந்தையை. ராவுத்தர் கொள்ளுப் பானையிலிருந்து கையை எடுத்தார்.

"எந்தக் காலு?"

"எடது."

"அப்ப வலப்பக்கமா ஏறுவாங்க." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "ஏன் தம்பி, அன்னைக்கு உங்களை நான் கேட்ட கேள்வி அது ஒண்ணுதானே? பல்லும் குளம்பும் உங்க கண்ணுக்கே தெரியும். ஏறப்போற ஆளு நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்? அந்தப் பெட்டை ரெண்டு பக்கமும் ஏத்திக்குமே. பின்னாலிருந்து ஏறுனாக்கூட ஏத்திக்குமே."

"மாத்திக் குடுக்க வேற ஏதாச்சும்..."

"இருக்கறதெல்லாம் வண்டிக் குதிரை தம்பி. முதுகுல துணி போட்டாலே ஒதைக்கும்." அவர் எழுந்து செவலையின் வலப்பக்கம் போனார். கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "நானும் ஏமாந்துட்டேன். இந்தப் பக்கம் சோதிக்கவே இல்ல. நீங்க ஏறறதுன்னு உட்டுட்டேன். கேளுங்க, இது கெட்ட கொணம் இல்ல, பயம். பயம் போகும். வலப்பக்கம் நின்னு கொள்ளு குடுக்கச் சொல்லுங்க, பேசிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. அவசரப்படுத்தக் கூடாது."

"எத்தனை நாளாகுமுங்க?"

"வருசங்கூட ஆவும்."

சின்னன் திரும்பி வரும் வழியெல்லாம் காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். காய் அங்கங்கே சிவக்கத் தொடங்கியிருந்தது.

ராசாத்தி அன்றிலிருந்து தடியை ஊன்றிக்கொண்டு, கையில் கொள்ளோடு, குதிரையின் வலப்பக்கம் எட்ட நிற்பாள். தன் பெண்ணைப் பற்றி அதனிடம் பேசுவாள். பூவாயிக்கு முன்பல் வந்திருக்குமா, ராத்திரியில் யாரைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள் என்றெல்லாம். ஒரு நாள் நெருங்கவிடும், மறுநாள் பழையபடி நடுங்கும். கடைசியில் ஒரு நாள் காலையில், கழுத்தை நீட்டிக் கொள்ளைத் தின்றது. அவள் அழுதுவிட்டாள்.

அந்த வாரமே நார்த்தங்காட்டார் வந்துவிட்டார்கள். மழை முன்னாலே நின்றதால் பழமும் முன்னாலே பழுத்துவிட்டது. வெள்ளையம்மாள், அம்மாசி, அவன் தோள்மேல் பூவாயி.

குழந்தை இறங்கி ஓடிவந்து அம்மாவின் மடங்காத காலையே கட்டிக்கொண்டாள். ராசாத்தியால் குனிய முடியவில்லை. தலையை மட்டும் தடவிக்கொண்டிருந்தாள்.

வெள்ளையம்மாள் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். "மூஞ்சி நல்லாத்தான் இருக்குது. பொண்ணு பாக்க வந்தப்ப உந்தங்கச்சியும் நல்லாத்தான் இருந்தா. ஏண்டா அம்மாசி, ஏறிப் பாரு."

அம்மாசி இடப்பக்கமாக ஏறினான். ஆரஞ்சு மரங்களைச் சுற்றி ஓட்டிவந்தான். அவன் முகம் விரிந்ததைப் பார்த்து ராசாத்திக்கும் சந்தோஷம். அப்படி அவன் முகத்தைப் பார்த்து நாளாகியிருந்தது.

"எறங்கு. அவ ஏறட்டும்."

சின்னன் தங்கையைத் தூக்கப் போனான். வெள்ளையம்மாள் தடுத்தாள். "நீ எதுக்குத் தூக்கறே? நார்த்தங்காட்டுக்கு நீயும் குடி வரப்போறயா?"

ராசாத்தி தடியை ஊன்றிக்கொண்டு வலப்பக்கம் போனாள். கொள்ளை நீட்டினாள். குதிரை தின்றது. அவள் வேலியோரத்துப் பாறைமேல் ஏறி, வலது காலை அங்கவடியில் வைத்தாள். தடியை அண்ணனிடம் கொடுப்பதற்காக உயர்த்தினாள். அவ்வளவுதான். குதிரை சுழன்றது. ராசாத்தி பாறையில் இடித்துத் தரையில் விழுந்தாள். "அம்மா!" என்று பூவாயி வீறிட்டாள்.

முதலில் ஓடிப்போய்த் தூக்கியது வெள்ளையம்மாள்தான். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். "அடி கிடி பட்டுச்சாடி? காமி." பிறகு சொன்னாள்: "நான் கெட்டவ இல்ல, ராசாத்தி. எனக்கு வயசாகுது. ஊட்டுல கைக்கு ஆளில்ல. உன்னையத் தூக்கி எறக்கறதுக்கு இன்னொரு ஆளுக்கு நான் எங்க போவேன்?"

அம்மாசி குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். கண்டிப்பாக அவன் ஏதாவது சொல்லுவான் என்று சின்னன் எதிர்பார்த்தான். அம்மாசி நல்லவன். அம்மா பேசும்போது பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

ராசாத்திதான் பேசினாள். "குதிரையை நீங்களே கொண்டுட்டுப் போங்க."

"என்ன பேசறே நீ!" என்று சின்னன் கத்தினான். "எம்மரத்தையெல்லாம் உட்டுட்டு உனக்காக வாங்குனது!"

"தெரியுமண்ணா. ஆனா இது இங்க நின்னாலும் என்னைய ஏத்தாது. அங்க நின்னா எம்பொண்ணை ஏத்திக்கிட்டு வரும்." மாமியார் பக்கம் திரும்பினாள். "சந்தை நாளைக்கு இவிங்க ஒண்டிக்கடைக்குப் போறப்ப பூவாயியையும் முன்னால உக்கார வெச்சு இங்க கொண்டாந்து உடட்டுமுங்க, அத்தை. திரும்பறப்ப கூட்டீட்டுப் போவட்டும். அது போதும்."

வெள்ளையம்மாள் கொஞ்சம் இளகினாள். "செரி. குதிரை உனக்குப் பழகுச்சுன்னா நீயும் ஏறிக்கிட்டு வா. யாரு வேண்டாங்கறா?"

நீயும் வா என்ற அந்த வார்த்தையைத்தான் ராசாத்தி பிடித்துக்கொண்டாள்.

சந்தை நாள்களில் குதிரை வந்தது. வேலிக்கு வெளியே பாதை ஒடுக்கம், இடப்பக்கம் பள்ளம். ஆகவே பூவாயியை வலப்பக்கமாகத்தான் இறக்க வேண்டும். ராசாத்தி அங்கே நிற்பாள். குதிரை நடுங்கும், அம்மாசி கடிவாளத்தை இறுக்குவான், குழந்தை அம்மாவின் கைக்குத் தாவும். அம்மாசி சந்தைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவான். இடையில் இருக்கிற பகல் முழுக்க அம்மாவுக்கும் மகளுக்கும்.

ஒரு தடவை இறங்கும்போது பூவாயிதான் கண்டுபிடித்தாள். "அம்மா, அது உன்னையப் பாத்துப் பயப்படலை. உன்ற குச்சியப் பாத்துத்தான் பயப்படுது. பாட்டி மாட்டுக்குக் குச்சி எடுத்தாலும் இப்படித்தான் பண்ணும்."

ராசாத்தி அப்படியே நின்றுவிட்டாள். அத்தனை நாளும் கொள்ளோடும் கொஞ்சலோடும் போனவள், மற்றக் கையில் தடியையும் கொண்டுதான் போயிருக்கிறாள். அது இல்லாமல் அவளால் நிற்க முடியாதே, எப்படித் தெரியும்?

அடுத்த சந்தையிலிருந்து தடியை வேலிக்குள் மறைத்துவைத்துவிட்டு, வேலிக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுக்கம் குறைந்தது. பழம் எடுப்பு முடிந்தது. கோடை மழை பெய்து மலையெங்கும் காப்பி வெள்ளையாகப் பூத்தபோது, குதிரை வந்ததும் வராததுமாக வலப்பக்கம் கழுத்தைத் திருப்பி அவள் கக்கத்தில் மூக்கை நுழைக்க ஆரம்பித்திருந்தது.

"அண்ணா, இந்தச் சந்தைக்கு அவிங்ககிட்டச் சொல்லப்போறேன். ஏறிருவேன்னு தோணுது" என்றாள். சின்னன் மறுநாளே தினையை ஊறப்போட்டு, தானே இடித்து மாவாக்கினான். தங்கையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதல்லவா?

சந்தை நாள் வந்தது. குதிரையும் வந்தது. பூவாயி தாவி இறங்கினாள். எப்போதும் பாட்டி அள்ளிச் சொருகிவிட்ட கொண்டையோடு வருகிற பெண், அன்றைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்து இரட்டைப் பின்னலோடு வந்தாள். நுனியில் கனகாம்பரம்.

ராசாத்தி அந்தப் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "யாரு கண்ணு பின்னி உட்டது? நொம்ப நல்லாருக்குதே."

"சின்னம்மா."

"எந்தச் சின்னம்மா, சாமி?"

"நம்மூட்டுக்கு வந்திருக்கறாங்களே, அவிங்க. ஓடிப்போயித் தண்ணி கொண்டாருவாங்கம்மா. கீழே சிந்தவே சிந்தாது."

அம்மாசி குதிரையின் பிடரி மயிரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குதிரையைத் தட்டிச் சந்தைக்குப் போய்விட்டான்.

அந்தப் பகலில் ராசாத்தி மகளுக்குத் தினைமாவு ஊட்டினாள். பின்னலை அவிழ்க்கவில்லை. சின்னன் ஆரஞ்சு மரத்தடியில் மண்வெட்டியை வைத்துக்கொண்டு, வெட்டாமல் நின்றிருந்தான்.

சாயங்காலம் அம்மாசி திரும்பினான். மூட்டை இறக்கிய குதிரையை அவன் இறங்கிப் பிடித்து நடத்தி வந்தான். தூறல் தொடங்கியிருந்தது.

"ஏனுங்க, ஓடை வரைக்கும் நானும் வர்றேன்" என்றாள் ராசாத்தி.

தடியை வேலிக்குள் போட்டாள். பாறையைப் பிடித்து ஏறினாள். வலது காலை அங்கவடியில் வைத்து எம்பி, மடங்காத காலை அந்தப் பக்கம் போட்டாள். குதிரை கல்லைப் போல நின்றது. சின்னன் பூவாயியைத் தூக்கி அவள் முன்னால் உட்காரவைத்தான். அவன் கை தங்கையின் பாதத்தில் சற்று நேரம் இருந்தது.

அம்மாசி கடிவாளத்தைப் பிடித்து முன்னால் நடந்தான். ஊரைத் தாண்டினார்கள். இரண்டு பக்கமும் காப்பிப் பூ வாசம். வழியில் பார்த்தவர்கள் எல்லாம், ராசாத்தி புருஷன் வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள். ஒருத்தி, "போயிட்டு வா கண்ணு" என்றுகூடச் சொன்னாள். ராசாத்தி தலையசைத்தாள்.

ஓடை வந்தது. அம்மாசி நின்றான்.

"ராசாத்தி... பழம் எடுக்க ஆளில்லைன்னு அம்மா..."

"தெரியுமுங்க."

அவள் காத்திருந்தாள். அவன் இன்னும் ஒரு வார்த்தை சொல்லுவானா என்று, வா என்கிற அந்த ஒரு வார்த்தை, குதிரையின் மேலே உட்கார்ந்தபடியே காத்திருந்தாள். ஓடைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தூறல் குதிரையின் கழுத்தில் சேர்ந்து வழிந்தது. குதிரை தலையிலிருந்து வால்வரை ஓர் உதறு உதறியது.

பூவாயி கைகொட்டினாள். "ஒதறிருச்சும்மா! சாமி உத்தரவு குடுத்துட்டாரு. வா, ஊட்டுக்குப் போலாம்!"

அம்மாசி தலை நிமிரவில்லை.

ராசாத்தி மகளின் உச்சியில் முகத்தை வைத்து எடுத்தாள். பின்பு வலப்பக்கமாகச் சரிந்து, சேணத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். குதிரை அவள் இறங்கி முடிக்கும்வரை அசையவே இல்லை.

"எனக்கொரு குச்சி ஒடிச்சுக் குடுங்க" என்றாள்.

அம்மாசி கரையோரத்துக் கொய்யா மரத்தில் ஒரு கிளையை ஒடித்தான். இலைகளை உருவினான், கணுக்களைக் கையாலே தேய்த்து வழவழப்பாக்கினான். அதிலே நேரம் எடுத்துக்கொண்டான். கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, மகளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

பூவாயி திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். ராசாத்தியும் ஒரு கையை ஆட்டினாள். குதிரை ஓடையைக் கடந்து, எதிர்க்கரை ஏறி, காப்பிச் செடிகளுக்குள் மறைகிறவரை, மற்றக் கையில் இருந்த குச்சியை அது பார்த்துவிடாதபடி முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றாள்.